கைதட்டித் தேர்ந்தெடுத்த தலைவர்

தோற்கத் தெரிந்தவன்தான் ஜனநாயகவாதி என்று தலைவர் சொன்னால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். குரல் அப்படி. மைக்கைப் பிடித்து, கண்ணை லேசாக மூடி, "தோற்க..." என்று இழுத்து நிறுத்துவார். பேனா வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள். வாக்குச்சாவடி ஊழியர்களுக்குப் பயிற்சி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு முகாம், கண் தெரியாதவர்கள் ஓட்டுப் போடுவதற்குச் செய்முறை விளக்கம் என்று எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் இதைச் சொல்லாமல் அவர் மேடையை விட்டு இறங்கியதில்லை. சொல்லி முடித்ததும், அங்கே நடத்திக் காட்டிய மாதிரித் தேர்தலில் தோற்றவரை மேடைக்குக் கூப்பிடுவார். "தோத்தவர்தான் முதல்ல கைய நீட்டணும். அதான் அழகு!" என்பார். அவரும் அசட்டுச் சிரிப்போடு கையை நீட்டுவார்.

தலைவர் மட்டும் எதிலும் தோற்றதில்லை. தோற்பதற்கு முதலில் போட்டியிட வேண்டுமே! வாக்காளர் விழிப்பு மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து பதினேழு வருடமாக அவரேதான் தலைவர். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பொதுக்குழு கூடும். செயலாளர் எழுந்து தொண்டையைச் செருமுவார். செயலாளர் வேறு யாருமில்லை, தலைவருடைய மனைவியின் தம்பி. "நம்ம தலைவரே தொடரணும்னுதான் எல்லாரும் விரும்புறோம், இல்லையா? கைதட்டுங்க!" என்பார். முன்வரிசையில் தலைவரின் மனைவி முதலில் தட்டுவாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அவ்வளவுதான் தேர்தல். டீயும் பிஸ்கட்டும் வந்துவிடும். எந்தச் சாவடியில் விரலுக்கு மை சரியாக வைக்கவில்லை, எந்த அதிகாரி பெட்டிக்கு சீல் வைக்க மறந்தார் என்று அறிக்கைக்கு மேல் அறிக்கை விடுகிற மன்றம் அது. அதன் சொந்த வீட்டில் ஒரு ஓட்டுச் சீட்டு விழுந்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

மன்றத்தின் அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் கூட்ட அறை. மடக்கு நாற்காலிகள், ஓட்டுப் போடும்போது வைப்பதற்காகச் சுவரோரம் அடுக்கிய அட்டை மறைப்புகள், மூலையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஓட்டுப் பெட்டி. சுவரில் வரிசையாகப் புகைப்படங்கள். தலைவர் பொன்னாடையோடு, தலைவர் கேடயத்தோடு, தலைவர் யாரோ ஒருவருடைய விரலுக்கு மை வைத்தபடி. அந்த யாரோ ஒருவருக்குப் படத்தில் தலை கிடையாது, விரல் மட்டும்தான். அதைத் தாண்டினால் தலைவருடைய அறை. அறைக்குப் பொருந்தாத உயரத்தில் ஒரு சுழல் நாற்காலி. அதில் சாய்ந்தால் பின்னால் இருக்கும் பீரோவில் இடிக்கும். ஆனாலும் அவர் சாயாமல் இருந்ததில்லை.

வேலை நடந்தது பக்கத்து அறையில். அங்கே பயிற்சியம்மா இருந்தாள். பயிற்சிகள் எல்லாவற்றையும் நடத்துவதால் ஊழியர்கள் வைத்த பெயர் அது, நிலைத்துவிட்டது. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாவடியின் மேஜை எவ்வளவு தாழ்வாக இருக்க வேண்டும் என்று அதிகாரிகளோடு சண்டை போட்டு மாற்ற வைத்தவள் அவள். மன்றத்தின் வாக்குச்சாவடிக் கையேட்டை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை எழுதியவளும் அவள்தான். அட்டையில் தலைவர் படம், உள்ளே தலைவர் பெயர், தலைவர் எழுதிய முன்னுரை. முன்னுரையிலும் ஒரு படம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தலைவர் கெட்டது பத்திரிகையாளர் சந்திப்பில். நகரசபைத் தேர்தலைத் தள்ளி வைத்து, தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று அரசு சொல்லியிருந்தது. தலைவர் மேஜையைக் குத்தினார்.

"பின்னர்னா எப்ப? நான் கேக்குறேன், பின்னர்னா எப்ப? ஜனநாயகத்துல அது கெட்ட வார்த்தைங்க!"

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு நிருபர் பெண் மட்டும் எழுதவில்லை. கையைத் தூக்கினாள்.

"சார், உங்க மன்றத்துல கடைசியா எப்ப தேர்தல் நடந்துச்சு?"

வேறு ஆளாக இருந்தால் இருமியாவது தப்பித்திருப்பான். இவருக்கோ கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"நல்ல கேள்விம்மா. வர்ற பொதுக்குழுவுல நடக்கப்போகுது. ரகசிய வாக்கெடுப்பு. யார் வேணாலும் நிக்கலாம். நீங்களும் வந்து பாருங்க."

மறுநாள் பத்திரிகையில் அதுதான் வந்தது. நகரசபையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"எதுக்கு அத்தான் இந்த வேலை?" என்று செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டீங்களே!"

"போடா. எனக்கு எதிரா எவன் நிப்பான்?"

எவனும் நிற்கவில்லைதான். அன்று சாயங்காலம் பயிற்சியம்மா வேட்புமனுவோடு அறைக்குள் வந்தாள்.

"நீயாம்மா?" என்றார் தலைவர்.

"ஆமாங்கய்யா. போட்டி இருக்குன்னு நீங்களே பேப்பர்ல சொல்லிட்டீங்க. யாராவது நின்னாத்தானே அது போட்டி?"

"ரொம்ப ஆரோக்கியமான விஷயம்மா. வாழ்த்துகள்." சாய்ந்தார், பீரோவில் இடித்தது.

வீட்டில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலைவர் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார்.

"வளர்த்த கடா மார்புல பாயுது, பாத்தியா? நான் மேடை குடுத்தேன், மைக் குடுத்தேன்..."

"அந்தப் பொண்ணுக்கு நீங்க எங்கங்க மைக் குடுத்தீங்க?" மனைவி நிமிரவில்லை. "வேலையெல்லாம் அதுதானே பாக்குது. நின்னா என்ன தப்பு? ஜெயிச்சா சந்தோஷம். தோத்தா கைகுடுத்துட்டு வீட்டுக்கு வாங்க. உங்க தங்கச்சி வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வரலாம்னு எத்தனை நாளா சொல்றேன்."

"உனக்கு எல்லாம் விளையாட்டு!"

அவருக்கு விளையாட்டாக இல்லை. அவருக்கு அவருடைய அண்ணன் ஞாபகம் வந்தது. அண்ணன் வங்கி மேலாளராக இருந்தவர். வேலையில் இருந்தவரை வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. ஓய்வு பெற்ற பிறகு போன் அடிப்பதே நின்றது. தவறிப்போய் யாராவது ராங் நம்பர் போட்டால் அவர்களிடமே பத்து நிமிடம் வட்டி விகிதம் பற்றிப் பேசுகிறார் மனுஷன். இந்தப் பதவி போனால் நமக்கும் அதே கதிதான் என்று தலைவர் பயந்தார். உண்மையாகவே பயந்தார். ஐயோ பாவம் என்று நீங்கள் இளக வேண்டாம். அதே பயம் ஒரு நகரசபைத் தலைவருக்கு வந்து அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தொங்கினால், நம்மவர் அதைப் பற்றி எட்டுப் பக்க அறிக்கை எழுதச் சொல்லியிருப்பார், அதையும் பயிற்சியம்மாவிடமே.

அடுத்த வாரம் முழுக்க தலைவர் உறுப்பினர்களுக்குப் போன் செய்தார். பல வருடமாகக் கூப்பிடாத ஆட்கள். "முட்டிவலி எப்படி இருக்கு?" என்று ஒருவரிடம் கேட்டார். "முட்டிவலி என் தம்பிக்குங்க, அவர் போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு" என்றார் அவர். இன்னொரு அம்மாவிடம் மகள் கல்யாணத்தை விசாரித்தார். பேத்தி பள்ளிக்கூடம் போகிறது என்று பதில் வந்தது. எல்லாரும் கடைசியில் "பாத்துக்கலாம் சார்" என்றார்கள். பாத்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தேர்தல் வேலையில் இத்தனை வருடம் இருந்தவருக்குத் தெரியாதா என்ன!

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடியது. எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும், படம் நன்றாக வர வேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டிருந்தார். அட்டை மறைப்பு வைத்தார்கள், பெட்டிக்கு சீல் வைத்தார்கள். விரலுக்கு மை வேறு. நாற்பத்துச் சொச்சம் பேர், எல்லாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். அங்கே எவன் கள்ள ஓட்டுப் போடப்போகிறான்? ஆனாலும் மை வேண்டும் என்றார். தேர்தலை நடத்தும் பொறுப்பு, ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவருக்கு. பல தேர்தல்களில் சாவடி அதிகாரியாக இருந்தவர், சிரிப்பு என்பது சம்பளம் இல்லாத வேலை என்று நினைப்பவர்.

சீட்டு அடிக்கும் வேலை மட்டும் செயலாளரிடம் போனது. அவர் புதிதாக எதற்கு மெனக்கெட வேண்டும் என்று, பயிற்சி வகுப்புகளில் கொடுக்கிற பழைய சீட்டையே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். அதில் இரண்டு சின்னம், நாற்காலியும் வாளியும். "அத்தான், நீங்க நாற்காலிய எடுத்துக்குங்க, ராசியா இருக்கும்" என்றார். பயிற்சியம்மா வாளியை எடுத்துக்கொண்டாள்.

முதல் ஓட்டு தலைவருடையது. மையை வைத்துக்கொண்டு, விரலைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு, மறைப்புக்குள் போனார். முத்திரையை நாற்காலியின் மேல் வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தார். சீட்டின் குறுக்கே, சாய்வாக, மங்கிய சாம்பல் நிறத்தில் 'மாதிரி' என்று இருந்தது. வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போன எழுத்து. மன்றம் ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறது, எல்லாமே மாதிரிச் சீட்டுதான். அசல் சீட்டு ஒன்றைக்கூட அடிக்க வேண்டிய நிலைமை அவர்களுக்கு வந்ததே இல்லை.

வெளியே வந்து, "ஒரு நிமிஷம், சீட்டு தப்பா இருக்கு" என்று சொல்லியிருந்தால் அரைமணி நேரத்தில் புதிதாக அடித்து வந்திருக்கும். சின்ன விஷயம். தலைவர் முத்திரையைக் குத்தினார், சீட்டை மடித்தார். கையேட்டின் ஒரு வரி அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மறைப்பிலிருந்து அவர் வெளியே வந்தபோது முகத்தில் ஒரு வாரமாக இல்லாத வெளிச்சம் இருந்தது. பெட்டியில் சீட்டைப் போடுவதுபோல் இரண்டு தடவை போஸ் கொடுத்தார்.

எல்லாரும் ஓட்டுப் போட்டு முடித்தார்கள். எண்ணுவதற்கு மேஜையைத் தயார் செய்யும் நேரத்தில் டீ வந்தது. தலைவர் மனைவியை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"தோத்தாலும் நான் தோக்க மாட்டேன், பாத்துக்கோ."

"அப்படின்னா?"

"சீட்டுல மாதிரின்னு அடிச்சிருக்கு. ஒருத்தரும் கவனிக்கல. நான் போட்டப்பவே பாத்துட்டேன். ஜெயிச்சா அப்படியே விட்டுடலாம். தோத்தா எல்லாமே செல்லாது." சிரித்தார். பள்ளிக்கூடத்தில் மாங்காய் திருடி மாட்டிக்கொள்ளாத பையனின் சிரிப்பு. "எப்படி?"

மனைவி அவரைப் பார்த்தாள். டீயைக் குடிக்காமல் ஜன்னல் திட்டில் வைத்தாள். பிறகு போய் முன்வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹெட்மாஸ்டர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துத் தூக்கிக் காட்டி எண்ணினார். வாளி, வாளி, நாற்காலி, வாளி. அவர் கண்ணுக்கும் அந்தச் சாம்பல் எழுத்து படவில்லை, சின்னத்தைத்தான் பார்த்தார். செயலாளர் முதலில் விரல் விட்டு எண்ணினார், பாதியில் விரலை மடக்கிக்கொண்டார். வாளிக்கு இருபத்தேழு, நாற்காலிக்குப் பதினாறு. அறையில் ஒரு சலசலப்பு. பயிற்சியம்மா எழுந்து நின்றாள். தலைவர் அவளுக்குக் கைகொடுப்பார் என்று எல்லாருமே எதிர்பார்த்தார்கள், அத்தனை தடவை அவர் வாயால் கேட்டிருக்கிறார்களே. போட்டோகிராபர்கூட அந்தப் பக்கம் நகர்ந்து நின்றார்.

தலைவர் எழுந்தார். கையை நீட்டினார், ஆனால் மேஜை மேலிருந்த சீட்டுக்கட்டை நோக்கி. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஐயையோ!" என்றார். என்ன நடிப்பு என்கிறீர்கள்! "ஹெட்மாஸ்டர் சார், இது என்ன? மாதிரின்னு போட்டிருக்கே!"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தலைவர் கையேட்டை எடுத்தார். பக்கத்தைத் தேடவே இல்லை, நேராகத் திறந்தார். மேடைக் குரலில் வாசித்தார்.

"மாதிரி என்று அச்சிட்ட சீட்டில் விழுந்த வாக்கை எந்த நிலையிலும், எந்தக் காரணத்துக்காகவும் எண்ணக் கூடாது. நண்பர்களே, எனக்கு மனசு வலிக்குது. என் சகோதரிக்கு என்னைவிட அதிகமா விழுந்திருக்கு. அத நான் பெருமையா ஒத்துக்குறேன். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே! நம்மளே மீறலாமா?"

"மறுபடி எப்ப சார் தேர்தல்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"தேதி பின்னர் அறிவிக்கப்படும்" என்றார் தலைவர்.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது. பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த நிருபர் பெண் இந்த முறை எழுதிக்கொண்டாள்.

பயிற்சியம்மா மேஜைக்கு வந்தாள். ஒரு சீட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அந்த வரி நான் எழுதினது" என்றாள். "சரியான வரிதான். செல்லாதுன்னா செல்லாது. என் ஓட்டையும் நான் கவனிக்காமத்தான் போட்டிருக்கேன், என் தப்பும் உண்டு. நீங்க எப்பங்கய்யா பாத்தீங்க?"

"இப்பத்தாம்மா! இந்த நிமிஷம்!"

முன்வரிசையில் மனைவி கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

இதோடு விட்டிருந்தால்கூட தலைவர் தப்பித்திருப்பார். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் செயலாளர் என்று ஒரு மச்சான் இருக்கும்போது வெளியிலிருந்து எதிரி எதற்கு? குழப்பமான நேரத்தில் மனுஷனுக்குப் பழக்கம்தான் கைகொடுக்கும். அவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"அதுவரைக்கும் நம்ம தலைவரே தொடரணும்னுதான் எல்லாரும் விரும்புறோம், இல்லையா? கைதட்டுங்க!"

அவரே தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் தன் கைச்சத்தம் மட்டும் கேட்கிறது என்று அவருக்கே உறைத்தது. தட்டிய கைகளைப் பிரிக்கத் தெரியாமல் அப்படியே கோத்துக்கொண்டார்.

நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவர் செல்போனைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார். நாற்காலிக்கு ஓட்டுப் போட்டவர்கள் பதினாறு பேர் அங்கேதான் இருந்தார்கள், அவர்கள் கையும் மேலே வரவில்லை. தலைவர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து முன்வரிசையில் நின்றார். எப்போதும் முதலில் தட்டுகிறவளைப் பார்த்தார். அவளுடைய இரண்டு கையும் கைப்பையின் மேல் இருந்தன. அவள் கண்ணை விலக்கவில்லை. அவள் தட்டியிருந்தால் மற்றவர்களும் பாவம் பார்த்து நாலு தட்டு தட்டியிருப்பார்கள், அது அவருக்கும் தெரியும்.

பின்னால் யாரோ, "பயிற்சியம்மாவுக்குத் தட்டுங்கப்பா!" என்றார். பத்து இருபது கைகள் எழும்பின.

"வேண்டாம்" என்றாள் பயிற்சியம்மா சுருக்கென்று. "கைதட்டிக் கைதட்டித்தான் இந்த லட்சணத்துல இருக்கோம். கீழ எறக்குங்க."

இறக்கினார்கள். ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"சீட்டும் செல்லாது, கைதட்டலும் விழல. அதனால இந்த நிமிஷம் மன்றத்துக்குத் தலைவர்னு யாரும் கெடையாது. மறுதேர்தல் அடுத்த ஞாயிறு, இதே எடம். பின்னர் கின்னர் எல்லாம் கெடையாது. சீட்ட நானே அச்சகத்துல நின்னு அடிச்சு வாங்கறேன்." செயலாளரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

கூட்டம் கலைந்தது. போகிற வழியில் யாரும் தலைவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வர்றேங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தம் அடங்கியபோது அறையில் அவரும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். சுவரெல்லாம் அவர் படம்.

"ஊரே சேர்ந்து அவமானப்படுத்திருச்சு" என்றார் அவர். "அவங்கள விடு. நீ தட்டியிருக்கலாம்ல? நீ ஒருத்தியாவது தட்டியிருக்கலாம்ல?"

மனைவி எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க தோத்திருந்தா தட்டியிருப்பேங்க. அந்தப் பொண்ணுக்குக் கைய நீட்டியிருந்தீங்கன்னா, எழுந்து நின்னு தட்டியிருப்பேன். பதினேழு வருஷமா எதுக்குத் தட்டுறோம்னு தெரியாமலே தட்டிட்டேன். கை வலிக்குதுங்க."

படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. அவர் கைக்குட்டையில் எச்சில் தொட்டு விரலைத் தேய்த்துப் பார்த்தார். மை போகவில்லை. நல்ல மை, அவரே பார்த்து வாங்கியது.